ஸ்கெட்ச் பேனாக் கோடு

“திருடன்! நம்ம வீட்டுக்குள்ளேயே திருடன்!”

குளியலறைக் கதவு இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தபடி கிசுகிசுத்தாள் வாலு. அவளுக்கு வேறு பெயர் இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

உள்ளே அப்பா. கையில் அம்மாவின் வெயில் கிரீம் பாட்டில். மூடி திறந்திருந்தது.

அந்தக் கிரீமைக் கிண்டலடிப்பதே அவர்தான்!

அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா கண்ணாடி முன்னால் போய் நின்றால் போதும், ஆரம்பித்துவிடுவார். “என்னம்மா, பிரைமர் ஆச்சா? இன்னும் ரெண்டு கோட்டிங் போட்டுட்டா மழைக்கும் தாங்கும்!”

அம்மா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவள். பத்து வருஷமாக அவளுக்கு இடது பக்க ஜன்னலோர சீட். வெயில் பார்த்துப் பார்த்து அந்தக் கன்னத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகளாக வைத்துவிட்டது. போட்டோ என்றால் வலது கன்னத்தைத்தான் காட்டுவாள். ஸ்கூல் முதலாளியம்மா புது போர்டில் அவள் படத்தைப் போடலாம் என்றபோது, “கார் படம் போதும் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று வெகுநேரம் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது வாலுதான். அந்த டாக்டரின் மூக்குக் குரலை இன்றைக்கும் அப்படியே எடுத்துவிடுவாள்.

“பயப்பட ஒண்ணுமில்லம்மா, வெயில் புள்ளிதான். மங்க வைக்க ராத்திரிக்கு ஒரு கிரீம். ஆனா பகல்ல இந்த வெயில் கிரீமை விட்டீங்க, போனதெல்லாம் திரும்பி வந்து உக்காந்துக்கும். கார் கண்ணாடி மூடியிருந்தாலும் போடணும். ரெண்டு விரல் நீளத்துக்கு எடுக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாலு மாசமாவது பொறுமை வேணும்!”

அம்மா ஒரே ஒரு பாட்டில் வாங்கினாள்.

“இது தீர்றதுக்குள்ள புள்ளி போனாப் போகட்டும். இல்லேன்னா விட்டுடுவேன். அதுக்கு மேல என் மூஞ்சிக்கு ராஜ உபசாரம் கிடையாது.”

அம்மா சொன்னால் சொன்னதுதான்.

ரெண்டு மாசம் ஓடிவிட்டது. பாட்டில் எப்படியோ தாக்குப்பிடித்தது. “நல்ல கம்பெனிடி” என்று அம்மாவே மெச்சிக்கொண்டாள். புள்ளிகள் துவைத்த துணியில் டீக்கறை மாதிரி இப்போதுதான் மங்க ஆரம்பித்திருந்தன. இந்த நேரம் பார்த்து மனுஷர் இப்படிக் கை வைத்தால்?

காலைச் சாப்பாட்டிலேயே விசாரணை தொடங்கியது.

“அப்பா, விரல்ல என்ன வெள்ளையா?”

“பெயின்ட்.”

“இன்னும் வேலைக்கே போகலையே. அதுவுமில்லாம பெயின்ட் இப்பல்லாம் பூ வாசனையில வருதா?”

அப்பா விரலைத் துண்டுக்குள் ஒளித்தார். வாலு எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து, அவருடைய கட்டைக் குரலிலேயே ஆரம்பித்தாள். “என்னம்மா, உனக்கு பிரைமர் ஆச்சா? மிச்சம் இருந்தா மாப்பிள்ளைக்கும் ஒரு கோட்டிங் கொடேன்!”

அம்மா நிமிர்ந்தாள். “நீங்களா எடுக்கறீங்க?”

“அது... ஒரே ஒரு சொட்டு. நாங்களும் வெயில்லதானே நிக்கிறோம்” என்று அப்பா தட்டைப் பார்த்துச் சொன்னார்.

“தாராளமா எடுங்க. சீக்கிரம் தீரட்டும். எனக்கும் தொல்லை விட்டுது.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கை மட்டும் தானாக இடது கன்னத்துக்குப் போய்விட்டு வந்தது. அப்பாவுக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் வாலு. ஆனால் கோபம் அடங்கவில்லை. ஒரு சொட்டா? எத்தனை சொட்டு என்று நிரூபித்து மூக்கை உடைக்காமல் விடுவதில்லை.

அன்று சாயங்காலம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தாள். மங்கலான பிளாஸ்டிக் வழியே கிரீம் எதுவரை இருக்கிறது என்று தெரிந்தது. பாதிக்கும் கீழே. அந்த இடத்தில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு.

மறுநாள் காலை, எல்லாருக்கும் முந்தி எழுந்து குளியலறைக்குள் போன அப்பா, விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தார். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி திடீரென்று வாசல் பக்கம் நழுவினார்.

வாலு உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே அம்மா வந்து கதவில் சாய்ந்தாள்.

“என்னடி, உன் திருடன் எவ்வளவு எடுத்திருக்கான்?”

வாலு பாட்டிலை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். வாய் வரைக்கும் வந்த கட்டைக் குரல் அங்கேயே நின்றுவிட்டது.

சிவப்புக் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. கிரீம் அதற்கு ரெண்டு விரற்கடை மேலே நின்றது.

சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒரு புனல். பெயின்ட்டில் கலக்கும் தின்னரை ஊற்ற அப்பா வைத்திருப்பாரே, அதே மாதிரி. ஆனால் புத்தம் புதுசு. நுனியில் இன்னும் காயாத ஒரு வெள்ளைச் சொட்டு.

“ஏய், கேக்கறேன்ல? எவ்வளவு?”

வாலு கட்டைவிரலை ஈரமாக்கி அந்தக் கோட்டை அழுத்தித் துடைத்தாள். முழங்கையால் புனலை இன்னும் உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு வாசல்வரை கேட்கிற மாதிரி, டாக்டரின் மூக்குக் குரலில் கத்தினாள்.

“பயங்கரத் திருடன்மா! ஆனா பயப்பட ஒண்ணுமில்ல, இன்னும் ரெண்டு மாசத்துக்கு வரும். ஸ்கூல் போர்டு போட்டோவுக்கு நேராவே பார்க்கலாம்!”