அண்ணி எடுத்த படகு

“தீபி, அந்த ஒல்லிப் படகு வேணாம். அகலமானதை எடுத்துக்கோ” என்றாள் சத்யப்ரியா.

கூடாரத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தீபிகாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னாலா சொல்ல வேண்டும்? சொந்த நாத்தனார் என்றுகூடப் பார்க்காமல்?

ஓட்டம், சைக்கிள், கடைசியில் கூரம் ஏரியில் கயாக் என்னும் துடுப்புப் படகு. மூன்றும் சேர்ந்த பந்தயம். கயாக்கில் இரண்டு ரகம். ஒன்று தறியில் ஓடும் நாடா மாதிரி ஒல்லி. பறக்கும், அசந்தால் கவிழ்த்துவிடும். இன்னொன்று அகலம், கவிழாது, வேகமும் வராது. அவரவர் திறமைக்கு ஏற்றதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம்.

“நேத்து ஒல்லியில உட்கார்ந்து, ரெண்டு கையையும் தூக்கிக்கினு இருபது எண்ணிட்டேன் அண்ணி. ஆடவே இல்ல.”

“எங்க எண்ணின? கரையோரம், காத்தே இல்லாதப்ப. நடு ஏரியில அலை பக்கவாட்டுல அடிக்கும்மா.”

“நீங்க மட்டும் ஒல்லியில போய் ரெண்டு வருஷமா கப்பு வாங்குவீங்க. நான் தொட்டியில உட்கார்ந்து துழாவிக்கினு வரணும். அதானே?”

தீபிகா பதிவுப் படிவத்தில் ‘தேர்ந்தவர்’ என்று அழுத்தி எழுதி, ஒல்லிப் படகை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் வேலை பார்க்கும் பட்டுக்கடையிலிருந்து ஆறு பேர் பந்தயம் பார்க்க வந்திருந்தார்கள். பத்து நாளாக அவர்களிடம் இதே பேச்சுதான். பந்தயத்தை முடிக்காமல் திரும்பினால் நாளைக்குக் கடைக்குள் தலைகாட்ட முடியாது.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“என்னக்கா, இந்தத் தொட்டி மாடு குளிப்பாட்டவா?”

திரும்பினாள். சத்யப்ரியா தன் ஒல்லிப் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே அகலமானதை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பாத்தியாடி?” கடைத்தோழி எஸ்தர் காதைக் கடித்தாள். “உன்னை ஜெயிக்க இதுவே போதும்னு காட்டுறாங்க.”

தீபிகா வெறியோடு ஓடினாள். வெறியோடு மிதித்தாள். சைக்கிளை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தால், அண்ணி பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். அண்ணியையே முந்தியாச்சு!

ஏரியில் முதல் கால் மணி நேரம் ஒல்லிப் படகு பறந்தது.

நடு ஏரியில் காற்று திரும்பியது. பக்கவாட்டில் ஓர் அலை, அடுத்து இன்னொன்று. அவ்வளவுதான். வானம் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. மிதவைச் சட்டை மேலே தூக்கியபோது, கயாக் குப்புறக் கிடந்தது.

மீட்புப் படகின் விசில் கேட்டது. அதில் ஏறினால் பந்தயம் போச்சு.

“படகை விடாதே!”

சத்யப்ரியா பக்கத்தில் வந்துவிட்டாள். ஒல்லிப் படகின் மூக்கைத் தன் படகின் மேல் இழுத்துப் போட்டுத் தண்ணீரை வடித்தாள். நிமிர்த்தினாள். இரண்டையும் ஒட்டினாற்போல் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“என் படகு மேல கையை ஊனு. காலை உதை. ஏறு!”

தீபிகா முழு எடையையும் போட்டுத் தொத்தினாள். அகலப் படகு அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

அதற்குள் ஐந்து பேர் தாண்டிப் போய்விட்டார்கள். திரும்பும் இடத்தில் தீபிகா இன்னொரு முறை கவிழ்ந்தாள். அண்ணி இன்னொரு முறை பிடித்தாள். மேலும் நான்கு பேர் போனார்கள்.

தீபிகா கடைசிக்கு முந்தின ஆளாகக் கரை சேர்ந்தாள். ஆனாலும் சேர்ந்துவிட்டாள். பட்டுக்கடை ஆட்கள் விசிலடித்துக் குதித்தார்கள்.

கடைசி ஆளாக வந்தாள் சத்யப்ரியா.

பந்தயம் நடத்தும் ராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டே வந்தார். “ஏம்மா, மூணாவது கப்பும் உனக்குத்தான்னு எழுதியே வச்சிருந்தேன். உன் திறமைக்குப் போய் இந்தப் படகையா எடுத்த?”

சத்யப்ரியா ஈரப் பின்னலைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

“என் திறமையைப் பார்த்தா எடுத்தேன்ணே? தீபி திறமையைப் பார்த்து எடுத்தேன்.”