சுடாத உடம்பு

ஒரகடத்துச் செல்போன் ஆலையில் வேலை பார்க்கும் யாருக்கும் காய்ச்சல் வராது. மாதம் ஒரு ஊசி போட்டுவிடுவார்கள். அதன்பின் உடம்பு சுடாது, வீங்காது, லீவும் கேட்காது. எஸ்தரும் தங்கை ரூபியும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். ரூபிக்கு விரலில் தகடு கீறியபோதும் அப்படித்தான். பாட்டு முணுமுணுத்தபடி வேலை பார்த்தாள். சில நாளில் கை கறுத்தது. ஆஸ்பத்திரியில் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

"கிருமியைக் கண்ட வெள்ளணு சத்தம் போட்டு மத்ததைக் கூப்பிடணும்மா. அப்பதான் எல்லாம் சேர்ந்து அடிக்கும். காய்ச்சலும் வீக்கமும் அந்தச் சத்தம்தான். அதைத்தான் ஊசி அடக்கிருச்சு" என்றார் டாக்டர்.

எஸ்தர் நேராக மேலாளர் ரகுராமனிடம் போனாள். அவர் கையை விரித்தார்.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. காய்ச்சல்கூட இல்லையே!"

எஸ்தர் விடவில்லை. "வரவிடாம பண்ணுனது யாரு சார்?"

அதற்குப் பிறகு அவள் ஊசிக்குக் கையை நீட்டவே இல்லை. ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. போர்த்திக்கொண்டு படுக்காமல், பல் கிட்ட நடுங்கிக்கொண்டே ஆலைக்குப் போனாள். கூட வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் நெற்றியைத் தொட்டார்கள். அந்தச் சூடு எப்படியிருக்கும் என்பதே சிலருக்கு மறந்து போயிருந்தது.

ரகுராமன் பதறி ஓடிவந்தார். "இந்த உடம்போட யாரு உன்னை வரச் சொன்னது?"

எஸ்தர் அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் அழுத்தினாள்.

"நல்லாத் தொட்டுப் பாருங்க சார். என் உடம்புக்கு இன்னும் கத்தத் தெரியுது."

அன்று மாலை ஊசி அறை வாசலில் ஒருத்திகூட நிற்கவில்லை.