வஞ்சிரப் பூனை

வஞ்சிரம் தவிர எதையும் தொடாத பூனை ஒன்று இருந்தது. மாதக் கடைசியில் வீட்டுக்காரி செல்வராணி மத்தி வாங்கி வந்ததும் அதற்கு மானமே போய்விட்டது.

"இந்த நாத்தத்தையா நான் தின்பேன்? பட்டினி கிடந்து சாவேன்!" என்று ஜன்னலோரக் காக்கையிடம் சீறியது.

செல்வராணி மத்தியைக் கீறி, மிளகாய்த்தூளும் புளியும் தடவி, தோசைக்கல்லில் போட்டாள். மீன் தன் எண்ணெயிலேயே முறுகிச் சிவந்தது. பூனைக்கு வாயில் எச்சில் நிற்கவில்லை.

"கெட்ட மீனா இருந்தா பாவம், அவ வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று முனகியபடி தட்டிலிருந்து ஒன்றைக் கவ்வி முள்ளோடு விழுங்கியது.

"எப்படி?" என்றது காக்கை.

"ஒண்ணுல தெரியல. இன்னும் ரெண்டு தின்னுட்டுச் சொல்றேன்."

அதற்குள் செல்வராணி கரண்டியோடு பாய்ந்தாள். பூனை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ஓடும்போதே கத்தியது:

"நாளைக்கும் மத்திதானான்னு கேட்டுச் சொல்லுடா!"