அரக்கு நிறம்

மானிட்டர் மேல் நிறம் அளக்கும் கருவியை மூன்றாவது தடவையாகத் தொங்கவிட்டான் அவன். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக வந்து போயின. ‘நிறங்கள் சரியாக உள்ளன’ என்று இந்தத் தடவையும் சொன்னது.

அப்படியென்றால் தப்பு மானிட்டரில் இல்லை.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வாடிக்கையாளர் போனில் வறுத்தெடுத்திருந்தார். இறந்துபோன தன் அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைக் கொடுத்து, கலர் ஏற்றித் தரச் சொன்னவர்.

“எங்க அத்தைங்க வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறாங்க சார்! அம்மா கட்டியிருந்தது அரக்குப் புடவையாம். நீங்க பச்சை அடிச்சு வச்சிருக்கீங்க. துணியே குடுத்தேனே, அதப் பாத்துப் போடக்கூடத் தெரியாதா?”

“நேத்து நீங்களே துணியப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, அப்படியே இருக்குன்னீங்களே சார்...”

“அது... உங்க கடை லைட்டுல என்னத்தத் தெரியுது? துணியோட வரேன். முதலாளிய இருக்கச் சொல்லுங்க.”

அந்தத் துணியின் மேல் இதே கருவியை வைத்து, அது காட்டிய மூன்று எண்களை நோட்டில் எழுதி, அப்படியே படத்தில் போட்டிருந்தான். அவன் பிழைப்பே எண்களால்தான் ஓடியது. முகத்துக்கு இவ்வளவு, உதட்டுக்கு இவ்வளவு, புல்லுக்கு இவ்வளவு என்று பதினோரு வருடமாக எழுதிச் சேர்த்த நோட்டு அது. பிறவியிலேயே அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இந்த ரகசியம் அவனையும் நோட்டையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நோட்டைப் பார்த்தான். முதல் எண் சிவப்புக்கு, இரண்டாவது பச்சைக்கு. எழுதும்போது இரண்டையும் இடம் மாற்றி எழுதித் தொலைத்திருக்க வேண்டும். கண் ஒழுங்காக இருக்கிறவன், திரையைப் பார்த்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தியிருப்பான். மறுபடி அளந்து பார்க்கலாமென்றால் துணியும் கையில் இல்லை.

இரண்டு நாளாக வெளியூரில் இருந்த முதலாளி அப்போதுதான் உள்ளே வந்தார். முதலாளி என்றால், அவன் மனைவியின் அண்ணன்தான். விஷயம் அவருக்கும் போனில் போயிருந்தது.

“என்ன மாப்ள, அரக்குக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?”

கிண்டலாகத்தான் கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளித்துச் சமாளித்து அலுத்துப்போன மனுஷன், “தெரியாது மச்சான்” என்று சொல்லிவிட்டான்.

பதினோரு வருடமாகக் கட்டிக் காத்தது இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. மச்சான் சத்தம் போடவில்லை; அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவர் முதலில் தங்கைக்குப் போன் போட்டார்.

“உனக்காவது தெரியுமாம்மா?”

“எந்தப் புடவை கட்டினாலும் இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்குன்னு சொல்வாரேண்ணே... அதெல்லாம் பொய்யா?” என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். ஸ்பீக்கரில் கேட்ட அந்தக் குரல் அவனைக் கொன்றுபோட்டது.

அடுத்த போன் இன்னொரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் எடிட்டருக்கு. “நாளைக்கே வந்து சேந்துடுப்பா.”

“மச்சான், இனிமே ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரிபாத்து...”

“எத வச்சு மாப்ள பாப்பீங்க?”

அவன் நோட்டை மூடி வைத்தான். மச்சானே தொடர்ந்தார்.

“தங்கச்சி முகத்துக்காகச் சொல்றேன். ஆல்பம் ஒட்டுங்க, கேமராப் பையத் தூக்குங்க. கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வராதீங்க.”

அவன் எழுந்து நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினான். இதைவிட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது. விஷயம் வெளியே பரவினால் வேறெந்த ஸ்டுடியோவும் சேர்க்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

வாடிக்கையாளர் மூச்சிரைக்க வந்து, படத்தையும் துணியையும் மேசை மேல் விரித்தார்.

“அம்மா பெட்டியிலேருந்து நானே என் கையால தேடி எடுத்த துணி சார். நீங்களே பாருங்க, எப்படி அரக்கா இருக்கு!”

அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. அதைச் சொல்ல இனி அவனுக்கு வாய் ஏது? “தப்பு என் மேலதான் சார், மன்னிச்சிடுங்க” என்று கைகூப்பினான்.

மச்சான் துணியைக் கையில் எடுத்தார். படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாக வாடிக்கையாளர் பக்கம் திரும்பினார்.

“சார்... இதுவும் பச்சைதான்.”