நாற்பத்தைந்து சென்ரிமீற்றர்

தேரின் பின்சில்லுக்குப் பக்கத்தில், அதை நிறுத்தும் முட்டுக்கட்டையோடு குந்தியிருந்த சிவானந்தனுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தது. மகள் மேனுஷா தோற்றுப்போனாள்.

தேர்க்கூரைக்கென்று அவள் வாங்கிய வயர்லெஸ் அன்ரெனாவைக் காலையில் அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் கம்பி. இல்ஃபோர்ட் வீட்டில், செருப்புத் தட்டின் மேல், பிரிக்காத உறையோடு கிடந்தது.

கேட்டால் பிள்ளையின் முகம் வாடிவிடும் என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தேரில் அன்ரெனா இல்லாவிட்டால், வடத்தின் தலைப்பில் நின்று அவள் சொல்வது இவருக்கு வந்து சேரப்போவதில்லை. சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவருடைய இடது கால் நன்றாக அறியும். போன வருடம் “நிப்பாட்டு” என்ற சொல் தவிலையும் அரோகராவையும் தாண்டி வருவதற்குள், சில்லு இரண்டு கால்விரல்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பதினெட்டு வருடமாகத் தேருக்குக் கட்டை போடுகிறவர். இந்த முறை வேறு யாராவது போடட்டும் என்று வீட்டில் எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். மனிதர் அசையவில்லை.

அப்பாவை மாற்ற முடியாது என்று கண்ட மகள், தேரை மாற்றப் புறப்பட்டாள். ஆம்புலன்சுகளுக்கும், பழுதான கார்களை இழுக்கும் லொறிகளுக்கும் வயர்லெஸ் பூட்டுவதுதான் அவளுடைய தொழில்.

கையில் பிடிக்கிற வோக்கிடோக்கி சரிவராது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கி நிற்கிற தெருவில், குனிந்திருக்கிற ஆளுக்கு அலை வராதாம். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் அலையைக் குடித்துவிடுமாம். ஆகவே தேரின் அடித்தட்டில் ஒரு செட், சில்லுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், சனத்தின் தலைகளுக்கு மேலே ஒரு அன்ரெனா.

காந்த அடி வைத்த ஒன்றை முதலில் தேரின் பக்கவாட்டுச் சட்டத்தில் ஒட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் கேட்டது. மறுபக்கம் கரகரத்தது.

எந்த வண்டியென்றாலும் கூரையின் நட்ட நடுவில்தான் பூட்டவேண்டும், சுற்றிவர ஒரேயளவு இரும்பு விரிந்திருக்க வேண்டும் என்றாள்.

தேர்க்கூரையின் நட்ட நடுவில் கலசம் இருந்தது.

“கலசத்துக்கு மேல ஒண்டும் நிக்கக்கூடாது பிள்ளை. தெய்வக் குற்றம்,” என்றார் சிவானந்தன். கோயில் செயலாளர் குருமூர்த்தியும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அவள் வாதாடவில்லை. ஏணியில் ஏறிச் செப்புக் கலசத்தின் மரப்பீடத்தைத் தட்டிப் பார்த்தாள். நாடாவை விரித்து எதையோ அளந்தாள். இறங்கி வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அடுத்த நாள் குருக்களைத் தனியாகப் பிடித்து அரைமணி நேரம் கதைத்தாள். மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

தேர் புறப்பட்டது.

எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தக் கணம் சிவானந்தனுக்குப் பழகவில்லை. வடம் இறுகும். மரம் முனகும். அசையவே அசையாது என்று தோன்றுகிற அவ்வளவு பெரிய பாரம் மெல்ல அசையும். செங்கல் வீடுகளின் மேல்மாடி ஜன்னல்களில் அயலவர்கள் படமெடுக்கவும் மறந்து நிற்பார்கள். தெருமுனையில் சிவப்பு பஸ் ஒன்று எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும்.

முருகா, இன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று வாய்விட்டே சொன்னார்.

வளைவில் திரும்பும்போது தவில் உச்சத்துக்குப் போனது. அரோகராவில் காது அடைத்தது.

அப்போது தலைக்கு மேலே, பக்கத்தில் நின்று சொன்னதுபோல அவ்வளவு தெளிவாக, ஒரு குரல் வந்தது.

“அப்பா, கட்டை! இப்ப!”

அவர் யோசிக்கவில்லை. கட்டை சில்லுக்கு முன்னால் போய் இறுகியது. தேர் ஒருமுறை நடுங்கி நின்றது.

எழுந்து நொண்டியபடி முன்னால் ஓடியபோதுதான் பார்த்தார். வடம் பிடித்து வந்த பெண் ஒருத்தி சேலை தடுக்கி விழுந்து கிடந்தாள். முன்சில்லுக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

தூக்கி நிறுத்தினார்கள். ஒரு கீறல் இல்லை. அவள் தேரைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள்.

சிவானந்தன் திரும்பிச் சில்லுக்கு மேலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார். அன்ரெனா வீட்டில் கிடக்கிறது. அப்படியென்றால் குரல் எந்த வழியால் வந்தது? அந்த நிமிடம் அவர் எதையும் நம்பத் தயாராக இருந்தார்.

வடத்தின் தலைப்பிலிருந்து மேனுஷா கலங்கிய கண்களோடு ஓடி வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவருடைய முகத்தை நிமிர்த்தி மேலே காட்டினாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். கலசம் வெயிலில் பளபளத்தது. அதற்கு மேலே வானம் மட்டும்தான்.

பிறகுதான் கலசத்தின் அடியிலிருந்து மெல்லிய கறுப்பு வயர் ஒன்று கூரை வழியாக இறங்குவது கண்ணில் பட்டது. அது தூணுக்கு வந்து சேர்ந்த இடத்தில், குருக்கள் ஒன்றும் அறியாதவர்போல மல்லிகைச் சரத்தை அதன் மேல் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவள் அளந்தது கலசத்தை. அடியிலிருந்து நுனிவரை நாற்பத்தைந்து, அந்தக் கம்பியின் அதே நீளம்.

சிவானந்தனின் கைகள் தாமாகவே தலைக்கு மேல் குவிந்தன.

குருமூர்த்தி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். “அண்ணை, எனக்கே வலு கிளியராக் கேட்டது. அன்ரெனாவைப் பிள்ளை எங்கை பூட்டினவ?”

குவித்த கைகளை இறக்காமலே சிவானந்தன் சொன்னார்.

“கலசத்துக்கு மேல இல்லை.”