கணுக்கால் நூல்
பிறந்ததுமே, ஜோடி சேர்க்கும் நிலாக்கிழவன் மணக்கப்போகும் இருவர் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிடும் சிவப்பு நூல், கல்யாண வயது வந்ததும் அவரவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். பட்டுச்சட்டை போட்டு, நண்பர்கள் சூழத் தன் நூலைத் தொடர்ந்து வந்தவன் மீன்சந்தையில் நின்றுவிட்டான். செதில் ஒட்டிய கைகளோடு மீன் அரிந்துகொண்டிருந்தவளின் காலில் அது முடிந்திருந்தது.

“யாருடா பொண்ணு?” என்றார்கள்.

“இங்க இல்லடா, இன்னும் தூரம் போகுது. நீங்க நடங்க.”

அவர்கள் நகர்ந்ததும் அவளுடைய கத்தியொன்றை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

“அறுபடாதுங்க,” என்றாள் அவள், நிமிராமலே. “போன மாசம் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். வேலைக்காரம்மாவ நீங்க பேசுன பேச்சக் கேட்டுட்டு, அன்னைக்கே வெட்டிப் பார்த்தேன்.”

அவள் கணுக்காலைச் சுற்றி ஆறாத கத்திக் கீறல்கள். கத்தியை எடுத்த இடத்திலேயே வைத்தான்.