டீச்சர், நர்ஸ், தையல்காரம்மா

மனைவி இறந்து இரண்டு வாரம் கழித்து, அரசியலும் புத்தகமும் பேசும் தன் வானொலி நிகழ்ச்சிக்குத் திரும்பினார் அவர். நேயர்களின் கேள்விகளைப் போனில் கேட்டுச் சீட்டில் எழுதித் தரும் பெண், இன்று வெறுங்கையோடு நின்றாள்.

“எங்கேம்மா சீட்டு? அந்த டீச்சர், நர்ஸ், தையல்காரம்மா, ஒருத்தர்கூடவா கூப்பிடலை?”

“இல்லை சார்.”

“என்னமா கேள்வி கேப்பாங்க. அவங்களைப் பாரு, நீ என்னைக்காவது பேப்பரையாவது புரட்டினியான்னு வீட்டுல அவளை எத்தனை தடவை திட்டியிருக்கேன். பாவம், பதிலே பேச மாட்டா.”

அந்தப் பெண் தலைகுனிந்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க சார். கேள்வி வரலைன்னா ஸ்டேஷன்ல நிகழ்ச்சியை நிறுத்திடுவாங்கன்னு, ஒருத்தரேதான் பேரை மாத்திச் சொல்லிக் கூப்பிடுவாங்க.”

“யாரு?”

“உங்க வீட்டு நம்பர்தான் சார்.”